குதிரைக்கும் பெயர் உண்டு

செஞ்சிச் சீமையில் எங்கள் வல்லத்துப் பக்கம் பையன் ஒருவன் வண்டியைக் கொஞ்சம் முறுக்கி ஓட்டிப் போனால், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சொல்வார்கள்: “மனசுல பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு.” தேசிங்கு எந்த நூற்றாண்டில் இருந்தான் என்று சொல்கிறவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்கிற பையனுக்கும் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது. நிமிர்ந்த முதுகு, வேகம், யாருக்கும் நிற்காத துடுக்கு, பின்னால் வரப்போவதை எண்ணாத வயது எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அரசன் போய்ச் சேர்ந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. அவன் பெயர் வசவாகவும் செல்லமாகவும் தெருவில் உயிரோடு இருக்கிறது. புகழின் உச்சம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் கட்அவுட்டையோ கூட்டத்தையோ காட்ட மாட்டேன். இந்த வசவைத்தான் காட்டுவேன்.

அந்தப் புகழுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை மிகச் சிறியது. 1698இல் முகலாயர் நீண்ட முற்றுகைக்குப் பிறகு செஞ்சியை மராட்டியரிடமிருந்து பிடித்தார்கள். சில ஆண்டுகளில் கோட்டை புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்புக்கு வந்தது. அவர் 1714இல் இறந்தார். மகன் தேஜ்சிங், மக்கள் வாயில் தேசிங்கு, வடக்கிலிருந்து வந்து தகப்பனின் இடத்தில் உட்கார்ந்தான். கட்ட வேண்டிய திறைப் பாக்கியைக் கேட்டது ஆற்காடு. கோட்டை தனக்குப் பேரரசர் எழுதிக் கொடுத்தது, நவாபுக்குப் பணிய வேண்டியதில்லை என்றான் இவன். நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து, அந்த ஆண்டு அக்டோபரிலேயே போர்க்களத்தில் விழுந்தான். வயது 22. ஆண்ட காலம் ஏறத்தாழ பத்து மாதம்.

பத்து மாதத்தில் ஒருவன் என்ன செய்துவிட முடியும்? ஏரி வெட்டவில்லை. கோயில் எழுப்பவில்லை. செஞ்சிக் கோட்டையில் அவன் வைத்ததாகச் சொல்ல ஒரு கல்கூட இல்லை. இந்த மலைக்கு முதலில் அரண் கட்டியவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஆனந்தக்கோன் என்பார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் சேர்த்துக் கட்டி, களஞ்சியங்களும் குளங்களும் அமைத்து, வெங்கட்ரமணர் கோயிலையும் எழுப்பி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர்கள் செஞ்சி நாயக்கர்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்து ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார். 2025இல் மராட்டியப் போர் நிலங்கள் என்ற வரிசையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இவ்வளவு இருந்தும், கோட்டை ஏறிவிட்டு இறங்குகிறவர்களிடம் இது யார் கோட்டை என்று கேளுங்கள். தேசிங்கு ராஜா கோட்டை என்பார்கள்.

இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டியவனுக்கு நன்றி சொல்வது வேறு வேலை, அதை வரலாறு செய்யும். புகழ் செய்வது இன்னொரு வேலை. தமக்குள்ளே இருந்தும் தம்மால் வாழ்ந்து பார்க்க முடியாத ஒன்றை யாராவது ஒருவன் உடம்பில் ஏற்றிப் பார்த்துவிட மக்கள் தவிக்கிறார்கள். செஞ்சிச் சீமையின் குடியானவன் நாயக்கருக்கும் வரி கொடுத்தான், பீஜப்பூருக்கும் மராட்டியருக்கும் முகலாயருக்கும் நவாபுக்கும் கொடுத்தான். பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். மாட்டேன் என்று ஒரு நாளும் அவனால் சொல்ல முடிந்ததில்லை. மாட்டேன் என்று சொன்ன ஒரு பையனை அவன் கண்ணால் பார்த்தான். அந்தப் பையன் தன் மொழி பேசாதவன், தன் சாதியில்லாதவன், தனக்கென்று எதுவும் செய்யாதவன். அது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பிறந்த இடம் கேட்காத வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் தொடர்கிறது. கண்டிச் சீமையில் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். இந்த மக்களுக்கு வாத்தியார் ஆனார். பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த சிவாஜிராவ் ரஜினிகாந்தாகி இவர்களுக்குத் தலைவர் ஆனார். 1960இல் ‘ராஜா தேசிங்கு’ என்ற படத்தில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவே நடித்தார். வெளியிலிருந்து வந்து இங்கே நாயகனான ஒருவரின் உடம்பில், அவருக்கு முன்பே வெளியிலிருந்து வந்து இங்கே நாயகனான இன்னொருவன் ஏறிக்கொண்ட படம் அது.

*

தேசிங்கின் கதையை நான் முதலில் கேட்டது மல்லாட்டை உரிக்கிற இரவுகளில். முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். கை தானாக ஓட்டை நசுக்கிக்கொண்டிருக்கும், வாய் சும்மா இருக்கும். அந்தச் சும்மாவை நிரப்புவதற்கு ஆயாவிடம் கதைகள் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெரிய எழுத்துப் புத்தகத்தை யாரோ ராகம் போட்டு வாசிக்கக் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டது. தில்லியில் யாராலும் அடக்க முடியாமல் நின்ற குதிரையைப் பிள்ளைவயதில் அடக்கி ஏறிய தேசிங்கு. சிங்கவரத்து ரங்கநாதரிடம் உத்தரவு கேட்காமல் எதுவும் செய்யாதவன். போருக்குப் போகிற அன்று உத்தரவு கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல மாட்டாமல் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிங்கவரத்தில் கிடந்த கோலத்தில் இருக்கும் பெருமாளின் தலை திரும்பியிருப்பதற்கு ஊர் சொல்லும் காரணம் அதுதான்.

ஆனால் ஆயாவின் குரல் தழுதழுப்பது தேசிங்குக்காக அல்ல, ‘மோவுத்துக்காரன்’ வரும் இடத்தில். வழுதாவூர் மகபத்கானை அவள் அப்படித்தான் சொல்வாள். தேசிங்கின் உயிர்த்தோழன், முஸ்லிம். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்குச் சேதி வருகிறது. மாலையோடு எழுந்து குதிரை ஏறுகிறான். “பொண்ணு மொகத்தக்கூட சரியாப் பாக்கலடா” என்று ஆயா நிறுத்துவாள். எங்கள் கைகளும் நின்றுவிடும். பிறகு நீலவேணி வரும். குதிரைக்குப் பெயர் சொல்லாமல் அவள் ஒரு தடவையும் கதையைக் கடந்து போனதில்லை. நீலாம்பூண்டிப் பக்கம் மகபத்கானின் சமாதியையும் குதிரையின் சமாதியையும் இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

வரலாற்றில் தேசிங்கு எதிரியின் படையால் கொல்லப்பட்டான். கதையில் அப்படி இல்லை. தோழன் விழுந்துவிட்டான், குதிரை விழுந்துவிட்டது. இனி யாருக்காக என்று தன் வாளை வானத்தில் எறிந்து, கீழே படுத்து, நெஞ்சில் ஏந்திக்கொள்கிறான். அவனை இன்னொருவன் கை கொல்வதை மக்களால் பொறுக்க முடியவில்லை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. தனியாக வெல்கிற தேசிங்கும் தனியாக வாழ்கிற தேசிங்கும் மக்களுக்குத் தேவைப்படவே இல்லை. தோழனும் குதிரையும் போன பிறகு கதையில் அவனுக்கு வேலையில்லை.

வெள்ளைக்காரர்கள் செஞ்சியைக் கிழக்கின் டிராய் என்று அழைத்தார்கள். அரணின் வலிமையைக் கண்டு சொன்ன ஒப்புமை அது. ஆனால் ஹோமரின் காவியத்தை நினைத்துப் பார்த்தால் ஒப்புமை இன்னும் ஆழத்தில் பொருந்துகிறது. நீண்ட ஆயுளா, அழியாத புகழா என்ற கேள்வி அக்கிலீஸின் முன்னால் நிற்கிறது. அவன் களத்துக்குத் திரும்பி வருவது புகழுக்காக அல்ல, தோழன் பத்ரோக்ளஸ் செத்துவிட்டான் என்ற துக்கத்தில். அங்கேயும் குதிரைகளுக்குப் பெயர் இருக்கிறது. அவை தோழனுக்காகக் கண்ணீர் விடுகின்றன. ஒன்றையொன்று அறியாத இரண்டு கதைமரபுகள் பெரும்புகழ் பெற்ற ஒருவனைப் பாடப் புகுந்தபோது, அவன் பக்கத்தில் ஒரு நண்பனையும் குதிரையையும் நிறுத்தாமல் பாட முடியவில்லை.

*

புகழ் வேறு, அதைச் சுமக்கும் மனிதன் வேறு என்பதை எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையைப் போலப் பச்சையாகக் காட்டிய இன்னொன்று தமிழில் இல்லை. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். படம் நிற்கவில்லை. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. உள்ளே திரையில் அவர் குதிரைமேல் பாடிக்கொண்டு வருகிறார், ஜனம் சொக்கிக் கிடக்கிறது. அதே நேரத்தில் அவர் சிறைக்குள் இருக்கிறார். 1947இல் விடுதலையாகி வெளியே வந்தபோது அந்தப் புகழ் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. 1959இல், ஐம்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனார்.

புகழ் தன்னுடைய உடைமை என்று நம்புகிறவனுக்கு அது ஒருநாள் இப்படிக் கணக்குத் தீர்த்துவிடுகிறது. அது அவனிடம் ஒருநாளும் இருந்ததில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. ‘ரஜினிகாந்த்’ என்ற பெயரே கே. பாலசந்தர் எழுதிய ஒரு பழைய பாத்திரத்தின் பெயர். 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில் அறிமுகமான இளைஞனுக்கு அது சூட்டப்பட்டது. கற்பனை மனிதன் ஒருவனுடைய பெயரை அணிந்துகொண்டு அரை நூற்றாண்டு நடந்தவர் அவர். திரைக்கு வெளியே சாயம் பூசாத தலையோடும் நரைத்த தாடியோடும் வேட்டியில் வந்து நிற்பதை நான் எளிமை என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பெயர் நீங்கள் செய்தது, இந்த உடம்பு என்னுடையது என்று பிரித்துக் காட்டுகிற தற்காப்பாகப் பார்க்கிறேன். தேசிங்குக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவன் செத்த பிறகுதான் புகழ் பிறந்தது. இன்றைய நட்சத்திரம் தன் சமாதிக்குள்ளேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் நின்று ஒரு டீ குடிக்க முடியாத வாழ்க்கையை வெளியிலிருந்து நாம் சொர்க்கம் என்கிறோம்.

அப்படியானால் புகழைச் செய்கிறவர்கள் நாம்தான். செய்வதை எப்படிச் செய்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

*

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை தாண்டிச் செங்கம் போனால், அந்தச் சீமை முழுக்க நடுகற்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று என்னை விடுவதே இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனின் பெயர் கருந்தேவகத்தி. கையில் ஆயுதத்தோடு அவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அது கோவிவன் என்ற நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்றூர் ஒன்று தன் வீரனுக்குக் கல் நடும்போது, அவன் புகழில் பாதியை நாய்க்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆயா நீலவேணியின் பெயரைச் சொல்லாமல் நகர்ந்ததில்லை என்றேனே, அது அவளுடைய தனிக் குணம் அல்ல. இந்த மண்ணின் பழைய ஒழுக்கம்.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே போவதில்லை. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அருகில் மிகப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் என்று அது குறிக்கிறது. 30 நாள் நோற்று முடிந்த இன்னொருவர் பெயரும் அந்தக் குன்றில் உண்டு. எதையும் வேண்டாம் என்றவர்கள் புகழை மட்டும் வேண்டியிருக்க மாட்டார்கள். கூட இருந்தவர்கள்தான் நாட்களை எண்ணி, ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் பாறையில் வெட்டினார்கள். பட்டம் இல்லை, உவமை இல்லை.

வள்ளுவர் தன் நூலில் புகழை வைத்த இடத்தை அந்தக் குன்றின்மேல் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். 23ஆம் அதிகாரம் ஈகை. 24 புகழ். அதோடு இல்லறவியல் முடிந்து, அடுத்த அதிகாரத்தில் துறவறவியல் தொடங்குகிறது. கொடுப்பதற்கும் விடுவதற்கும் இடையில் இருக்கிற வாசற்படியில் புகழை உட்கார்த்தியிருக்கிறார். பெற்றதைப் பிறரோடு பகிர்ந்த பிறகு, அதையும் கைவிடுவதற்கு முன்னால், ஒருவன் சிறிது நேரம் தங்கிப் போகிற இடம்.

*

2024 அக்டோபர் 27 அன்று, நடிகர் விஜய் தொடங்கிய கட்சியின் முதல் மாநாடு எங்கள் மாவட்டத்திலேயே விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் வி.சாலையில் நடந்தது. அங்கே திரண்டவர்களின் மகிழ்ச்சியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. கூலிக்குப் போகிற ஒருவனுக்கு ஆண்டு முழுக்க யாருமே நீ யார் என்று கேட்பதில்லை. தலைவனின் பெயரைச் சொல்லிக் கத்தும்போது அவனுக்கும் ஒரு முகம் கிடைக்கிறது. ரசிகன் கும்பிடுவது நடிகனை என்று நினைக்கிறோம். அவன் தனக்குக் கிடைக்காமல் போன மரியாதையை அந்தக் கட்அவுட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறான். பால் ஊற்றுவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுமுன் இதையும் எண்ண வேண்டும்.

ஆனால் அடுத்த ஆண்டு, 2025 செப்டம்பர் 27 அன்று, கரூரில் அவர் பேசிய கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பிழை யாருடையது என்று சொல்ல வேண்டிய இடங்கள் வேறு, அங்கே அது நடக்கட்டும். என் மனசை அறுப்பது இன்னொன்று. அன்றைக்கு வந்திருந்த ஒருவரின் பெயர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். போன 41 பேரில் ஒரு பெயரை நம்மால் சொல்ல முடியுமா? எனக்கு முடியவில்லை. காவல் நின்ற நாயின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டிவைத்த நிலத்தில் பிறந்தவன் நான். இந்த இயலாமை வெட்கமாக என்னை உறுத்துகிறது.

நம் காலத்துப் பெரும்புகழ் எங்கே நோய் கொள்கிறது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அளவில் அல்ல. நடுகல்லும் கதைப்பாட்டும் நாயகனை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கின. ஆனால் அவன் பக்கத்தில் இடம் விட்டன. தோழன், குதிரை, நாய், பந்தலில் விட்டுவரப்பட்ட பெண், உடன்கட்டை ஏறிய மனைவி, அவள் நினைவாக எதிரியே பெயர் வைத்ததாகச் சொல்லப்படும் இராணிப்பேட்டை என்று ஒருவன் புகழுக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. கட்அவுட்டில் ஒருவர்தான் நிற்க முடியும். அவர் காலடியில் இருப்பவர்களுக்கு முகம் வரைய அதில் இடமில்லை.

*

பேருருச் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி திரௌபதியம்மன் வழிபாட்டுக்கு மூலத்தலம் என்பார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாரதக்கூத்து நடக்கிற ஊர்களில் கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொட்டலில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனைச் செய்வார்கள். பல ஆள் நீளம். வண்ணம் பூசி, மீசை வைத்து, கிரீடம் வைத்து, கையில் கதை கொடுத்து அவனை மல்லாக்கக் கிடத்திவிடுவார்கள். கட்அவுட்டை அண்ணாந்து பார்க்கிறோம். படுகளத்தில் கிடப்பவனைச் சுற்றி நடக்கிறோம். பிள்ளைகள் அவன் விரல் தங்கள் தொடை மொத்தம் இருப்பதைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீமன் வேடக்காரர் அந்த உடம்பின்மேல் ஏறி ஓடித் தொடையில் அடிப்பார். செந்நீர் பெருகும். அவன் கெட்டவன்தான். ஆனாலும் ஒப்பாரி வைக்க ஆள் இருக்கும். அரசன் விழுந்ததற்காக அந்தக் கொஞ்ச நேரம் ஊரே அழும்.

மழை வந்தால் அவன் கரைவான். வராவிட்டாலும் ஆடும் மாடும் நடந்து நடந்து சில வாரத்தில் பொட்டலாகிவிடுவான். அடுத்த முறை புது மண்ணில் மறுபடி செய்வார்கள். ஒரு பேருருவைத் தங்கள் கையாலேயே செய்து, வியந்து, அழுது, பிறகு மண்ணுக்கே கொடுத்துவிடத் தெரிந்த மக்கள் இவர்கள். இந்தப் பயிற்சியை எங்கே தொலைத்தோம் என்று தெரியவில்லை. தொலைந்தாலும் பொட்டல்கள் இன்னும் இருக்கின்றன, கூத்தும் இருக்கிறது.

படுகளம் முடிந்து கூட்டம் கலையும்போது ஆயா குனிந்து துரியோதனனின் தோள் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். எதற்கு என்று ஒருதடவை கேட்டேன். “நம்ம கொல்லையில போடத்தான்” என்றாள். அந்தக் கொல்லையில்தான் மல்லாட்டை விளைந்தது. அதை உரித்துக்கொண்டேதான் மோவுத்துக்காரன் கதையைக் கேட்டோம்.